பழைய மெஷினுக்கும் ஒரு மீட்டர்: கோவைத் தொழில் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை மாவட்டக் குறு, சிறுதொழில் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். பம்ப், வால்வு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச் கடைந்து கொடுப்பது தொழில். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) கொஞ்சம், பழைய லேத்தும் டிரில்லிங் மெஷினும் மீதி. உங்களில் பலரும் இப்படி ஒரு ஷெட்டில் தொடங்கி வந்தவர்கள் என்பதால், கேட்க வந்ததை நேராகவே கேட்டுவிடுகிறேன்.

ஆட்டோமேஷன், இண்டஸ்ட்ரி 4.0 (மெஷின்களைக் கம்ப்யூட்டரோடும் நெட்டோடும் இணைப்பது) என்ற பெயரில் நீங்கள் நடத்தும் முயற்சிகளின் முதல் வேலையாக, நம் பட்டறைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களில், அவை எவ்வளவு நேரம் ஓடின, நின்றன என்று காட்டும் அளவுக் கருவி பொருத்தும் பொதுச் சேவை ஒன்றைத் தொடங்குங்கள். அதை அமைப்பே நடத்த வேண்டும். விற்பனைக் கம்பெனியிடம் விட வேண்டாம். ரோபோவும் டிஜிட்டல் ட்வின்னும் (மெஷினின் கம்ப்யூட்டர் நகல்) அதற்குப் பிறகு வரட்டும்.

கண்காட்சிகளிலும் கருத்தரங்குகளிலும் மேடையில் நிற்பது எப்போதும் ரோபோ கைதான். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே பீஸ் மாதக்கணக்கில் ஓடும் இடத்தில் அது போட்ட பணத்தை எடுத்துவிடும். நம்மிடம் வரும் ஆர்டர் அப்படிப்பட்டதல்ல. இன்று 80 பீஸ், நாளை வேறு டிராயிங்கில் 200, மறுநாள் அவசரமாக வேறொரு கம்பெனியின் ரிப்பேர் ஷாஃப்ட் ஒன்று. இப்படி ஓடும் பட்டறையில் கடைசல் வேகத்தால் வரும் நஷ்டம் குறைவு. செட்டிங் மாற்றும் நேரம், மெட்டீரியலுக்குக் காத்திருக்கும் நேரம், முதல் பீஸை யாராவது பார்த்து ஓகே சொல்லும் வரை மெஷின் நிற்கும் நேரம், இவற்றில்தான் பணம் போகிறது. போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாலையில் பீஸ் கணக்கு எழுதுகிறோம்; நின்ற கணக்கை யாரும் எழுதுவதில்லை.

எங்கள் பட்டறையில் செய்ததைச் சொல்கிறேன். பழைய லேத்தின் மெயின் மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஒன்றைச் சுற்றி ஒரு கிளாம்ப் சிடி (வயரில் ஓடும் கரண்ட்டை அளக்கும் வளையம்) மாட்டினோம். வயரை வெட்டவில்லை. மோட்டார் சும்மா சுற்றும்போது ஒரு ஆம்பியர் அளவு, டூல் இரும்பில் இறங்கும்போது அதைவிடக் கூடுதல், நிறுத்தினால் பூஜ்யம். இந்த மூன்று நிலையையும் ஈஎஸ்பி32 வகை வைஃபை போர்டு படித்து, ஆபீஸில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். போர்டு விலை சில நூறு ரூபாய். பெட்டி, பவர் சப்ளை, வயரிங் எல்லாம் சேர்த்தாலும் ஒரு மெஷினுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்தது. சிஎன்சியில் இந்த முறை அவ்வளவு சரியாக வராது. அதன் டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) சும்மா இருக்கும்போதும் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். அங்கே மெஷினின் நிலையைக் காட்டும் டவர் லைட்டின் சிக்னலையே எடுத்துக்கொண்டோம். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில வகை சிடியின் இரண்டாம் பக்க முனைகளைத் திறந்தபடி விட்டால் ஆபத்தான வோல்டேஜ் எழும். பர்டன் ரெசிஸ்டர் (அந்த வோல்டேஜ் எழாமல் தடுக்கும் மின்தடை) உள்ளேயே வைத்து வரும் சிடியை வாங்குங்கள். மெயினை நிறுத்திவிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள்.

கணக்கு வரத் தொடங்கியதும் எங்கள் ஆட்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டூல் உடைந்தோ ரிப்பேராகியோ மெஷின் நின்றது கொஞ்ச நேரம்தான். அதிகம் நின்றது முதல் பீஸ் செக்கிங்குக்காக. குவாலிட்டி பார்ப்பவர் ஒருவர். அவர் அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்க மெஷின் காத்திருக்கும். அதன்பின் அடிக்கடி வரும் பீஸ்களுக்கு கோ, நோகோ கேஜ் (அளவு சரியா, இல்லையா என்று உடனே காட்டும் கருவி) செய்து மெஷின் பக்கத்திலேயே வைத்தோம். முதல் பீஸை ஆபரேட்டரே பார்த்து ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று மாற்றினோம். இன்செர்ட் (டூலின் மாற்றக்கூடிய வெட்டுமுனை) டப்பாவை ஸ்டோரிலிருந்து மெஷின் அருகே கொண்டுவந்தோம். புதிதாக ஒரு விஎம்சி (செங்குத்து வகை சிஎன்சி மெஷின்) வாங்க பேங்க்கில் பேசிக்கொண்டிருந்தோம். அதைத் தள்ளிவைக்க முடிந்தது.

இதில் புதுமை எதுவும் இல்லை. ஓஇஇ (ஒரு மெஷினின் மொத்தப் பயன்திறன்) என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கணக்குத்தான் இது. ஜப்பானின் செய்யிச்சி நகஜிமா டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையோடு சேர்த்துக் கொடுத்தது. ஒரு மெஷின் ஷிப்டில் 90 விழுக்காடு நேரம் ஓடுகிறது, ஓடும்போது 90 விழுக்காடு வேகத்தில் ஓடுகிறது, வந்ததில் 90 விழுக்காடு நல்ல பீஸ் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருக்கினால் 72.9 விழுக்காடு. கால்வாசிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது, அதுவும் எல்லாம் நன்றாக நடக்கும் பட்டறையில்.

ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் அசாஹி டெக்கோ என்ற உதிரிபாகக் கம்பெனி இருக்கிறது. டொயோட்டாவுக்குச் சப்ளை செய்வது. அங்கே ஓடும் மெஷின்களில் பல, பத்தாண்டுகளைக் கடந்த பழையவை. டொயோட்டாவிலிருந்து வந்து அதன் தலைமையை ஏற்ற டெட்சுயா கிமுரா, எல்லா மெஷினையும் மாற்றாமல் 50 யென் விலையில் ஒரு ஒளி சென்சாரையும் 250 யென்னில் ஒரு காந்த சென்சாரையும் கடையில் வாங்கி மாட்டினார். சிக்னல் விளக்கு எரிவதை ஒன்று பார்க்கும். கதவோ சிலிண்டரோ ஒரு முறை போய் வருவதை மற்றது எண்ணும். எத்தனை பீஸ், ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி, எவ்வளவு நேரம் நின்றது, இந்த மூன்றே விவரம்தான் அவர்கள் எடுத்தது. அதை வைத்து ஒவ்வொரு லைனிலும் தினமும் நின்றபடியே கூட்டம் போட்டுப் பேசி, தடங்கலை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். உற்பத்தி கூடியது, போட நினைத்திருந்த புதிய லைன்கள் தேவைப்படவில்லை. 2016-ல் இதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கி, மற்ற சிறு கம்பெனிகளுக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்திலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2018-ல் இதே எண்ணத்தோடு ஒரு திட்டம் தொடங்கியது. சிறு ஆலைகளிடம் முதலில் ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்’ என்று கேட்டு, கடையில் கிடைக்கும் மலிவான போர்டுகளையும் கேமராக்களையும் கொண்டே அதைச் செய்து கொடுப்பது அதன் முறை. பணக்கார நாடுகளின் சிறு ஆலைகளே இந்தப் படியிலிருந்துதான் ஏறுகின்றன.

மின்சாரக் கணக்கும் இதோடு சேர்ந்தது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு நிலைக்கட்டணம் நம்மை எப்படி நெருக்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போராட்டங்களை முன்னின்று நடத்தியவர்கள் நீங்கள். அந்தப் போராட்டம் நடக்கட்டும். கூடவே பேனல் போர்டையும் கொஞ்சம் பாருங்கள். இப்போது வரும் டிஜிட்டல் எனர்ஜி மீட்டர்கள் பலவற்றின் பின்னால் ஏ, பி என்று இரண்டு முனைகள் இருக்கும். ஆர்எஸ்485 இணைப்பு அது. மோட்பஸ் என்ற மொழியில் பேசும். மோடிகான் கம்பெனி 1979-ல் வெளியிட்ட அந்த முறை இன்றுவரை மாறாமல் வேலை செய்கிறது. நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலும் அந்த முனைகளில் வயரே இல்லை. மீட்டருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, அது விநாடிக்கு விநாடி கணக்கும் வைத்திருக்கிறது, மாதம் ஒருமுறை பில் வரும்போதுதான் நாம் அதைப் பார்க்கிறோம்.

கம்ப்ரஸரை எடுத்துக்கொள்ளுங்கள். 7 பார் அழுத்தத்தில் ஏர் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதை ஈடுகட்டவே கம்ப்ரஸர் 3 முதல் 4 கிலோவாட் வரை எடுக்கும். ஒரு ஷிப்ட், 300 நாள் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 7,200 முதல் 9,600 யூனிட் வரை போகும். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விட்டு, அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் லோடு ஆகிறது (காற்றை அடைக்கிறது) என்று மீட்டரில் பார்த்தால் லீக்கேஜ் கணக்கு வந்துவிடும். ஆட்டோமேஷன் என்ற பெரிய சொல்லுக்குள் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பவுண்டரிக்காரர்களுக்கு இதன் பலன் எங்களைவிடப் பல மடங்கு. ஒரு டன் இரும்பை உருக்கக் கணக்குப்படி ஏறக்குறைய 400 யூனிட் போதும். இன்டக்ஷன் ஃபர்னஸ் நன்றாக ஓடும் இடத்தில் 550 யூனிட் அளவில் வருகிறது. பல இடங்களில் 600-ஐத் தாண்டுகிறது. ஃபர்னஸ் மூடி திறந்தே கிடப்பது, மோல்டு தயாராகாமல் உருகிய இரும்பைச் சூட்டில் பிடித்து வைத்திருப்பது, துருவும் மணலும் ஒட்டிய ஸ்கிராப்பை அப்படியே போடுவது என்று காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எந்த ஹீட்டில் (ஒரு தடவை உருக்குவதில்) எவ்வளவு போனது என்று தெரியாததால் யாரிடமும் பேச முடியவில்லை. ஒவ்வொரு ஹீட்டுக்கும் யூனிட், டேப்பிங் (உருகிய இரும்பை வெளியே எடுக்கும்) வெப்பநிலை, ஸ்பெக்ட்ரோமீட்டர் (இரும்பின் கலவையைக் காட்டும் கருவி) ரிசல்ட், அன்றைய மணலின் ஈரம், மறுநாள் வந்த ரிஜெக்ஷன், இவை ஐந்தும் ஒரே வரியில் வந்தால், புளோ ஹோல் (வார்ப்பில் காற்றுக் குழி) ஏன் வந்தது என்று மோல்டரும் மெல்டரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட வேண்டிய அவசியம் இருக்காது. இப்போது ஐந்தும் ஐந்து நோட்டில் இருக்கின்றன.

இனி ஆட்களைப் பற்றி. இந்த மடலில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

நம் ஊர் மில்லால் வளர்ந்த ஊர். அதனால் தறியிலிருந்தே சொல்கிறேன். 1924-ல் ஜப்பானின் சகிச்சி டொயோடா ஜி வகைத் தானியங்கித் தறியை முழுமையாக்கினார். நூல் அறுந்தால் அந்தத் தறி தானாகவே நின்றுவிடும். அதுவரை தறியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே நிற்பது ஒரு தொழிலாளியின் வேலையாக இருந்தது. தறி தானே நிற்கத் தெரிந்துகொண்டதும், ஒருவரால் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. கெட்ட துணி நெய்வதும் நின்றது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டுக்கு அந்தக் காப்புரிமையை வாங்கியது. டொயோட்டாவின் உற்பத்தி முறை இன்றும் அந்தக் கொள்கையை விடவில்லை: கோளாறு என்றால் மெஷின் நிற்க வேண்டும், மனிதனைக் கூப்பிட வேண்டும், மனிதன் யோசித்துச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வரிசை நம் ஊரில் தலைகீழாகிவிடுமோ என்பதே என் கவலை. சென்சாரை மாட்டிவிட்டு, அதன் கணக்கை முதலாளியின் ஃபோனில் மட்டும் காட்டி, யார் எத்தனை நிமிடம் பாத்ரூம் போனார் என்று பார்க்கத் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும். மெஷின் நின்றதும் ஏன் நின்றது என்பதை ஆபரேட்டர்தான் ஒரு பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று தெரிந்தால் எந்த ஆபரேட்டரும் உண்மையான பட்டனை அழுத்த மாட்டார். அதன்பின் எவ்வளவு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கினாலும் அதில் இருப்பது பொய்க் கணக்கு. ஆகவே அமைப்பின் சேவையைப் பெறும் ஒவ்வொரு பட்டறையும் இரண்டு நிபந்தனையை ஏற்க வேண்டும் என்று விதி வையுங்கள். திரை ஆபரேட்டரைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்துக் கூலியைப் பிடிக்கக் கூடாது. திரையில் தமிழும் இந்தியும் இருக்கட்டும். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தம்பிகள் இல்லாத ஷெட் இன்று நம் பகுதியில் அரிது.

பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) இருக்கும் இடங்களில் மட்டும் என் வரிசை மாறும். அங்கே முதல் செலவு விரலுக்காக இருக்க வேண்டும். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டன், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் பட்டன், இவைதான் அங்கே தேவையான ஆட்டோமேஷன். பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் மட்டும் மாட்டிப் பயனில்லை. ஒருமுறை இறங்கத் தொடங்கினால் நடுவில் அது நிற்காது. கிளட்ச்சையே மாற்ற வேண்டும், அல்லது கை போகவே முடியாதபடி தடுப்புக் கார்டு போட வேண்டும். விரலை இழந்துவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போனவர்களை நம் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உற்பத்தி கூடுகிறதா என்ற கணக்குக்கு முன்னால் இது வர வேண்டும்.

அடுத்து, கணக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. இதைத் தனிப் பட்டறையாக எங்களால் பேச முடியாது. நீங்கள்தான் பேச வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் டிஜிட்டல் ரிப்போர்ட் கேட்கத் தொடங்கிவிட்டன. ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது, அளவு ரிப்போர்ட் என்ன என்று கேட்பது நியாயம், கொடுக்கலாம். ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி என்பதை நேரலையாகக் கொடுத்தால், நாம் ராத்திரியெல்லாம் யோசித்துச் சேமித்த ஒவ்வொரு விநாடியும் அடுத்த விலைப் பேச்சில் அவர்கள் பக்கம் போய்விடும். அப்புறம் எந்தப் பட்டறை முன்னேற நினைக்கும்? எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு மாதிரி ஒப்பந்த வாசகத்தை அமைப்பின் வக்கீலை வைத்து எழுதிக் கொடுங்கள். மெஷின் விற்பவர்களிடமும் இதே பேச்சு தேவை. நம் பணத்தில் வாங்கிய மெஷினின் கணக்கை நாமே எடுக்க மாதச் சந்தா கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் டேட்டா சட்டம், இணைப்புள்ள கருவியைப் பயன்படுத்துகிறவருக்கு அது உண்டாக்கும் தரவைப் பெறும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டில் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். எம்டிகனெக்ட், ஓபிசி யுஏ, மோட்பஸ் போன்ற, எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த முறைகளில் ஒன்றிலாவது கணக்கைக் கொடுக்கும் மெஷினைத்தான் எங்கள் உறுப்பினர்கள் வாங்குவார்கள் என்று ஒரு தீர்மானம் போட்டாலே, விற்பவர்கள் பேச வருவார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழக அரசின் டிட்கோ, சீமென்ஸோடும் டசால்டோடும் சேர்ந்து 2022-ல் சென்னையில் டான்சாம், டான்கேம் என்ற நவீன உற்பத்தி மையங்களைத் திறந்தது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் இண்டஸ்ட்ரி 4.0 தரத்துக்கு உயர்த்தும் திட்டமும் நடந்திருக்கிறது. பெங்களூருவிலும் புனேயிலும் மத்திய அரசின் சமர்த் உத்யோக் என்ற இண்டஸ்ட்ரி 4.0 மையங்கள் இருக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் ஷெட்டிலிருந்து அந்தக் கதவுவரை போக எங்களுக்கு நேரமும் இல்லை, என்ன கேட்பது என்றும் தெரிவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அமைப்புகள். ஐடிஐ மாணவர்களின் பயிற்சியில், ஒவ்வொரு குழுவும் ஒரு நிஜப் பட்டறையில் ஒரு பழைய மெஷினுக்கு மீட்டர் பொருத்தி, ஒரு மாதக் கணக்கை முதலாளியிடமும் ஆபரேட்டரிடமும் விளக்க வேண்டும் என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பையன்களுக்கு நிஜ வேலை, நமக்குக் கணக்கு. மானியத்தைப் பற்றியும் பேசுங்கள். மத்திய அரசின் கடனோடு இணைந்த மூலதன மானியத் திட்டம் ஒரு கோடி வரையிலான முதலீட்டுக்கு 15 விழுக்காடு கொடுத்தது. புதிய இயந்திரம் வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதியது. பழைய மெஷினைச் சீராக்கி, சென்சாரும் தடுப்புக் கார்டும் பொருத்தும் செலவுக்கென்று சிறிய மானியம் ஒன்று வேண்டும். 50,000 ரூபாய் வேலைக்கு 50 பக்கம் விண்ணப்பம் இல்லாமல்.

கூட்டாகச் செய்வது நம் ஊருக்குப் புதிதல்ல. பம்பைச் சோதித்துச் சான்று வாங்க ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக லேப் கட்ட முடியாது என்றபோது சிட்டார்க் என்ற பொதுச் சோதனை மையம் வந்தது. பவுண்டரிகளுக்குப் பொது வசதி மையங்கள் வந்தன. 1937-ல் இந்த ஊரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தபோதும் ஒருவர் தனியாகச் செய்யவில்லை. இப்போது தேவைப்படுவது அதைவிட மிகச் சின்னது: ஒரு வேன், அதில் இரண்டு டெக்னீஷியன்கள், ஒரு பெட்டி நிறைய சிடியும் போர்டும், ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒரு இன்ஜினியர். அந்த இன்ஜினியரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். சாஃப்ட்வேர் தெரிந்தவர் நிறையப் பேர் கிடைப்பார்கள். லேத் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டவராகவும் இருக்க வேண்டும். ஒரு பட்டறைக்கு மூன்று மாதம் கருவியை இரவல் கொடுங்கள், சிறு கட்டணம் வாங்குங்கள். பலன் இருந்தால் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் கழற்றி அடுத்த ஷெட்டுக்குப் போகட்டும். ஆவாரம்பாளையத்தில் பத்து, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பத்து, அரசூர்ப் பக்கம் பவுண்டரிகள் ஐந்து என்று தொடங்கினால், ஓராண்டில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்துவிடும்.

எங்கள் பட்டறையில் உள்ள வயரிங் படம், புரோகிராம், ஆபரேட்டர் பட்டனுக்கான தமிழ், இந்தி வாசகங்கள் எல்லாவற்றையும் விலையில்லாமல் அமைப்புக்கு எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு மேசையும் ஒரு பிளக் பாயின்டும் கொடுத்தால், ஓடும் மோட்டாரில் மாட்டிக் காட்டுகிறேன். எங்கள் மூத்த ஆபரேட்டரும் வந்து, இதனால் தன் வேலையில் என்ன மாறியது என்று தானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் உங்கள் உறுப்பினர்